அழுத்தாத துடைப்பம்

சட்டை போடுவது ஓரெஸ்டுக்கு இரண்டு பேர் வேலையாகியிருந்தது. முதலில் அவருடைய மனைவி டார்லீன் வலது கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துவிடுவார். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. டார்லீன் சன்னலைப் பார்ப்பார், ஓரெஸ்ட் தரையைப் பார்ப்பார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தால் இருவருக்கும் வசதி, அதைப் பற்றிப் பேசலாம்.

கனடாவின் மனிடோபாவில் எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவர் ஓரெஸ்ட். அறுபதைத் தொடப்போகிற ஆள், மீசை முழுக்க நரை. வண்டியின் கனமான நெம்புகோல்களை இழுத்து இழுத்தே அந்தத் தோள்பட்டை போயிருக்க வேண்டும். வலி என்றைக்கு ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. படுத்தால் குத்தியது. அதனால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். டார்லீனைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் பாதி. கர்லிங் ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பது மீதி. இரண்டாவது பயம்தான் பெரியது என்று டார்லீன் பிற்பாடு சொன்னார்.

குளிர்காலத்தில் எங்கள் ஊருக்குக் கர்லிங் கொட்டகையை விட்டால் போக வேறு இடமில்லை. ஒருவர் கனமான கல்லை மறுமுனையில் வரைந்த வட்டத்தை நோக்கி ஐஸில் வழுக்க விடுவார். ஓடுகிற கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். அழுத்தித் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். எல்மர் கேப்டனாக இருந்த அணியில் தேய்க்கிறவர்கள் ஓரெஸ்டும் ரேஜானும். ரேஜான் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் தூரத்து ஊர்களில். சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு, வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர். கொட்டகைக்கு வந்தால்தான் அவர் பேச்சுக்குப் பதில் பேச ஆள் இருக்கும்.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால், பட்டவரே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரெஸ்ட் அதில் பேர் வாங்கியவர். யாரும் பார்க்காததைக்கூடச் சொல்லிவிடுவார், அதனால் அவருடைய அணி தோற்றதும் உண்டு. ஆனால் அழுத்தாமல் தேய்த்தால் என்ன செய்வது என்று எந்த விதியும் இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஓரெஸ்ட் அதைத்தான் செய்தார். தோள்பட்டை தாங்காததால் துடைப்பத்தை ஐஸின் மேல் சும்மா ஆட்டிக்கொண்டு ஓடினார். பாரம் இல்லாத கை படபடவென்று போகும். உடம்பையே சாய்த்து அழுத்துகிற ரேஜானின் கை மெதுவாகத்தான் போகும். தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"ரேஜான்! என்னடா, வீட்டு அலமாரியில தூசி தட்டறியா? ஓரெஸ்டப் பாரு, மெஷின் மாதிரி ஓட்டறான்!" என்று எல்மர் மறுமுனையிலிருந்து கத்துவார்.

"அந்த மெஷினுக்கு டார்லீன் எண்ணெய் போடறா. எனக்கு யாருடா போடறது?" என்பார் ரேஜான், மூச்சு வாங்கிக்கொண்டே. எல்லோரும் சிரிப்பார்கள். ஓரெஸ்டும் சிரிப்பார். கல் வழியிலேயே நின்றுவிடும்.

நவம்பரில் டார்லீன் பிடிவாதமாக அவரைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். மருத்துவமனையின் பின்னறையில் மிரியம் என்ற பெண் வாரம் ஒருநாள் வந்து பார்ப்பாள். மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, கதவுப்பிடியில் கட்டி இழுக்கச் சொன்னாள். சுவரில் விரல்களை மேலே நடத்தச் சொன்னாள். ஓரெஸ்ட் பட்டையை வண்டிக்குள் போட்டதோடு சரி.

"தினமும் பண்றீங்களா?"

"பண்றேன்."

"வலி எப்படி?"

"குறைஞ்ச மாதிரி இருக்கு."

அடுத்த முறை பட்டையைக் கொண்டு வரச் சொன்னாள். கடையில் மடித்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது. மிரியம் அதை விரித்துப் பார்த்தாள். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கர்லிங்ல தேய்க்கற மாதிரி இது மேல அழுத்துங்க பாப்போம்."

ஓரெஸ்ட் அழுத்தினார். முள் லேசாக அசைந்தது, பிறகு திரும்பிவிட்டது. அவருடைய நெற்றியில் வியர்வை.

"இவ்வளவுதானா?" என்றாள் மிரியம். "போன வாரம் ஆட்டம் பாக்க வந்திருந்தேனே. ரேஜானவிட ரெண்டு மடங்கு வேகமா..."

அவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது. அவருடைய முகம் கழுத்து வரை சிவந்தது.

"இங்க பாத்தத நான் வெளிய சொல்லக் கூடாது, ஓரெஸ்ட்" என்றாள், துடைப்பத்தை வாங்கி மூலையில் சாய்த்தபடி. "சொல்லவும் மாட்டேன். அதுக்காக நிம்மதியா இருந்துடாதீங்க."

அன்றிலிருந்து அவர் பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். குணமாக வேண்டும் என்ற ஆசையைவிட வெட்கமே அவரைச் செய்ய வைத்தது. டார்லீன் முன்னால்கூடச் செய்யவில்லை. வண்டிக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டையை இழுத்தார். சுவரில் விரல்கள் ஏறிய உயரத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அழித்தார்.

கை தேறத் தொடங்கியபோதுதான் எல்மர் ரேஜானை நீக்குவது பற்றிப் பேச ஆரம்பித்தார். ஜனவரியில் பெரிய போட்டி, பக்கத்து ஊர் அணிகளெல்லாம் வரும். ரேஜானுக்குப் பதில் தன் மருமகனைச் சேர்க்கலாம் என்பது அவருடைய யோசனை.

அதைக் கேள்விப்பட்ட ரேஜான் நேராக ஓரெஸ்டின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எல்மர் சொல்றத விடு. நீ என் பக்கத்துல ஓடறவன். நெஜமாச் சொல்லு, நான் தளர்ந்துட்டனா?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. டார்லீன் சமையலறையில் இருந்தார். தெருவில் யாரும் இல்லை. கேட்டவர் நண்பர்.

"கொஞ்சம்" என்றார் ஓரெஸ்ட். "வயசுதானே ரேஜான். எல்லாருக்கும் வர்றதுதான்."

ரேஜான் தலையாட்டினார். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல அவருடைய தோளைத் தட்டினார், வலது தோளை. வலித்தது. ஓரெஸ்ட் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய போட்டியில் ரேஜானுக்குப் பதில் எல்மருடைய மருமகன் தேய்த்தும் அணி தோற்றது. மார்ச்சில் கடைசி ஆட்டம் வந்தது. ஓரெஸ்டுக்கு இப்போது சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடிந்தது, படுக்கையில் படுக்க முடிந்தது. அன்று வெகு நாளைக்குப் பிறகு முதல்முறையாக உடம்பைச் சாய்த்துத் துடைப்பத்தை அழுத்தித் தேய்த்தார். கை ரேஜானின் கை மாதிரியே கனமாக, மெதுவாக நகர்ந்தது.

"ஓரெஸ்ட்! உனக்கும் கெழடு தட்டிடுச்சாடா? கை ஊருதே!" என்று எல்மர் கத்தினார்.

ஆனால் கல் நிற்கவில்லை. எல்மர் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி, அவருடைய காலருகே வந்து நின்றது. ஆட்டம் முழுக்க அப்படித்தான் போயிற்று. ஜெயித்தார்கள்.

முடிந்ததும் வழக்கம்போல இரண்டு அணியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஜெயித்தவர்கள்தான் பீர் வாங்கித் தர வேண்டும். ரேஜானும் இருந்தார். விளையாடாவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்.

"கல்லெல்லாம் எப்படிடா இவ்வளவு தூரம் போச்சு?" என்றார் எல்மர். "இன்னிக்கி ஐஸ் ரொம்ப வழுக்கல். அதான்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஓரெஸ்டும் தலையை ஆட்டியிருக்கலாம், அத்தோடு முடிந்திருக்கும். அவர் தன் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஐஸ் இல்ல. நான் இன்னிக்கித்தான் அழுத்தித் தேய்ச்சேன்."

"அப்ப இத்தனை நாளா?" என்றார் எல்மர்.

"சும்மா ஆட்டினேன். தோள்பட்டை போயிருந்துச்சு, ரெண்டு வருஷமா. மெதுவாப் போனது ரேஜான் இல்ல. அவன் ஒருத்தன்தான் தேய்ச்சான்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எல்மருடைய மருமகன் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனான்.

ரேஜான் உருளைக்கிழங்கு வறுவலைக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தார். அதை அப்படியே தட்டில் வைத்தார்.

"நான் தளர்ந்துட்டேன்னு நீ சொன்ன பிறகு டாக்டர்கிட்டப் போனேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "ரத்தம், இதயம், எல்லாம் பாத்தாங்க. ஒரு குறையும் இல்லைன்னாங்க. நான் நம்பல. நீ சொன்னதத்தான் நம்பினேன்."

"ரேஜான்..."

"சரி விடுங்கப்பா" என்று எல்மர் அவசரமாகக் குறுக்கிட்டார். "தப்பு என் மேலயும் இருக்கு. வர்ற வருஷம் ரேஜான் திரும்ப வரட்டும். பழையபடி ரெண்டு பேரும் தேய்க்கட்டும்."

"வேணாம் எல்மர். இனிமே நான் கல்லப் பாக்க மாட்டேன். இவன் கையத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

ரேஜான் எழுந்து கோட்டை மாட்டினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பினார்.

"இப்ப எப்படி இருக்கு தோளு?"

"தூக்க முடியுது."

"தூக்கு, பாப்போம்."

ஓரெஸ்ட் உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினார். காதை ஒட்டி, நேராக, கூரையைப் பார்த்து. அவ்வளவு உயரம் தூக்கிப் பல காலம் ஆகியிருந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ரேஜான். வெளியே போனார். கதவு திறந்ததில் குளிர்காற்று மேசை வரை வந்தது.

கையை எப்போது இறக்குவது என்று ஓரெஸ்டுக்குத் தெரியவில்லை.