முதலாளியின் விமானத்தில் பின் ஸீட்

விமான மெக்கானிக் வேலையில் ஒரு சங்கடம்: ரிப்பேர் பார்த்தது சரிதானா என்று தெரிய, அதே விமானத்தில் ஏறிப் பறக்க வேண்டும். முதலாளியே வண்டியோட்ட, உயிரைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும். எங்கள் முதலாளி தூத்துக்குடி உப்பளக்காரர். உப்பிலிருந்து சலவைச் சோடா எடுக்கும் ஆலை கட்ட நினைத்திருந்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட இரட்டை ஸீட் விமானமொன்றை வாங்கி, தானே ஓட்டினார்.

பாத்தியில் இறங்கினோம்

ஆலைக்கு இடம் பார்க்க ஆறுமுகநேரிக்கு மேலே பறந்தபோது என்ஜின் இருமியது. பிறகு நின்றே போனது. காற்றுச் சத்தம் மட்டும். "கீழ எது காஞ்சு கெடக்கு, பாரும்வே" என்றார் முதலாளி, திரும்பாமலே. காய்ந்த உப்புப் பாத்தி ஒன்றைக் காட்டினேன். வரப்பில் சக்கரம் இடிக்க, தரையை உழுதுகொண்டு போய் நின்றோம். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த அம்மாள் ஓடிவந்தாள். தண்ணீர் தரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வானத்துல அம்புட்டு இடம் கெடக்கு, தரை இறுக நான் மிதிச்சு வச்ச பாத்திதான் கெடச்சுதா ஒங்களுக்கு?" என்றாள்.

திரும்பாத வள்ளம்

சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்று திடீர்க் காற்றில் சிக்கிக் கரை திரும்பவில்லை. மறுநாள் காலை, அதில் போன தொம்மையின் மனைவி கட்டிக்கொண்டிருந்த ஆலையின் வாசலில் வந்து நின்றாள். "ஒங்க பிளேன்ல போய்ப் பாருங்கய்யா" என்று முதலாளியின் வழியை மறித்தாள். முதலாளி உடனே என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடுக்கடலில், பாய்மரம் ஒடிந்து மிதந்த வள்ளத்தைக் கண்டோம். தேடப் போன மோட்டார் படகோ வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே தாழப் பறப்பதும், வள்ளத்துக்குத் திரும்புவதுமாக வழி காட்டினோம். படகிலிருந்தவர்களுக்குப் புரியவில்லை. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. முதலாளியின் தோளைத் தட்டி முள்ளைக் காட்டினேன். பார்த்தார், மறுபடியும் வள்ளத்தின் பக்கமே திருப்பினார். கடைசியில் படகும் வள்ளத்தின் பக்கம் திரும்பியது. நாங்கள் என்ஜின் விக்க விக்க, கரைமணலில் வந்து விழுந்தோம்.

சாயங்காலம் எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். தொம்மை முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுத்திச் சுத்தி வந்தியளே, நீங்களும் வழி தவறிட்டியளோன்னு ஒங்களுக்காவ செபம் சொன்னோம்யா" என்றான்.

சொல்லப் போனேன்

இனிமேல் கடலுக்கு மேலே வர முடியாது என்று மறுநாள் முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லப் போனேன். மணலில் வளைந்த சக்கரத்தை அவரே நிமிர்த்திக்கொண்டிருந்தார். "மொதலாளி, எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? கடல்ல விழாம பாத்துக்கிடத்தானவே ஒம்ம வச்சிருக்கேன்."

ஆலை புகை விட்ட அன்று ஊரே அவர் துணிச்சலைப் புகழ்ந்தது. பின் ஸீட்டில் இருந்தவனுக்கும் அது இருந்ததா என்று, நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.