ஒற்றை வேட்பாளர்

"தலைவரே, சாப்பாடு ஆறுது!" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். உண்மையில் சாப்பாடு அப்போது அடுப்பில்தான் இருக்கும், அவள் அனுபவசாலி. "இதோ, ஒரு நிமிஷம்" என்பார் அவர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் அவள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டு, அலுத்து, தனியாகச் சாப்பிட்டு, அவருடைய தட்டை மூடி வைத்துவிடுவாள்.

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான ஆள். என்ன சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறையில் குனிந்து, கம்பிவடத்தை உற்றுப் பார்ப்பார். ஓர் இழை பிய்ந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிடுவார். குடியிருப்பவர்கள் மூச்சிரைக்கப் படியேறி வந்து சண்டை பிடிப்பார்கள். "பரவாயில்லங்கிற பேச்சே லிஃப்ட்டுல கிடையாதுங்க. விழுந்தா நீங்கதானே விழுவீங்க?" என்று கேட்டுவிட்டு ஸ்பானரைத் துடைத்துப் பையில் போடுவார்.

மாலையில் வேறு வேலை, சம்பளமில்லாத வேலை. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் தலைவர். எழுதுபவர்களும் பயன்படுத்துபவர்களும் வாக்களிக்க ஆண்டுக்கொரு தேர்தல், ஆறு ஆண்டுகளாக இவர்தான். பட்டம்தான் பெரிது, கிடைப்பதெல்லாம் புகார். "உங்க மென்பொருள் சளி பிடிச்ச மாதிரி பேசுது" என்று யாரோ எழுதப்போய், வாரக் கணக்கில் உட்கார்ந்து அந்தக் குரலைத் தெளியவைத்தவர் இவர்.

லிஃப்ட் புத்தி இங்கேயும் விடவில்லை. ஒரு கல்லூரி மாணவி, தேதிகளைச் சரியாக வாசிக்கவைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி அனுப்பினாள். பிழை சொல்லித் திருப்பி அனுப்பினார். திருத்தி அனுப்பினாள். மறுபடியும் திருப்பினார். கடைசியாக, ஒரு வரியின் முடிவில் வேண்டாத இடைவெளி இருக்கிறது என்று திருப்பினார். நன்றி என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம்; வேலை நேரத்தில் அதெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பாவம் மனிதர், அவள் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்றே நம்பியிருந்தார்.

இந்த ஆண்டு தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அது அவரை உறுத்தியது. "ஒத்தை ஆள் நின்னு ஜெயிச்சா அது தேர்தல் இல்ல, நியமனம்" என்று சொல்லி, வாக்குச்சீட்டில் தன் பெயருக்குக் கீழே 'யாரும் வேண்டாம்' என்று ஒரு வரியைத் தானே சேர்த்தார். அது ஜெயித்தால் தலைவர் விலகிவிட வேண்டும், வேறு ஆள் தேட வேண்டும் என்று விதியும் எழுதினார். எதற்கு இந்த வம்பு என்று தடுத்தவர்களிடம் மல்லுக்கு நின்றார்.

அதுதான் ஜெயித்தது. மயிரிழையில் எல்லாம் இல்லை, நன்றாகவே ஜெயித்தது.

முடிவு வந்த மாலையில் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பள்ளியில் பாடம் நடத்துபவர், பார்வையற்றவர். இந்த மென்பொருளை முதன்முதலில் பயன்படுத்தியவர்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்க மனசு வரல. நானும் யாரும் வேண்டாம்னுதான் போட்டேன்."

இவர் கேட்டது ஒன்றுதான்: "நான் திருப்பி அனுப்புனதுல ஒண்ணாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"ஒண்ணுகூட இல்லண்ணே. எல்லாமே சரிதான். ஆனா வந்தவங்க ஒருத்தரும் திரும்பி வரலையே. நீங்க உக்காந்திருக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வர மாட்டாங்க. நாளைக்கு உங்களுக்கு முடியலேன்னா எங்களுக்கு யாருண்ணே வாசிச்சுக் காட்டுவா?"

"இப்ப மட்டும் யார் வரப்போறாங்க?"

"தெரியலண்ணே" என்றார் ஆசிரியர்.

விலகும் தலைவர் தன் அனுமதியைத் தானே நீக்கிக்கொள்ள வேண்டும். அவர் கணினிமுன் உட்கார்ந்து தன் பெயரைத் தேர்ந்தெடுத்தார். "நிச்சயமாக நீக்கவா?" என்று மென்பொருள் வாய்விட்டுக் கேட்டது. அவர் தெளியவைத்த அதே குரல். இன்னொரு முறை கேட்கவைத்துவிட்டு, ஆம் என்று அழுத்தினார். புதியவர்கள் அனுப்பியிருந்த திருத்தங்கள் திரையில் வரிசையாக நின்றன. அவற்றை ஏற்கவோ திருப்பவோ இனி அவரால் முடியாது.

"தலைவரே, சாப்பாடு ஆறுது!"

அவர் எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டு அவள் கரண்டியோடு திரும்பினாள். "என்னங்க, இன்னும் கொதிக்கவே..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.