மூன்றாம் தண்ணீருக்கும் போகாத அம்மை

எனக்கு ஆத்திரம் யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை. பத்து வயதில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. எங்கள் மலைக் குளிருக்கு வேப்பமரம் வளராது; மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்த வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். கொப்புளம் காய்ந்து தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும், "ஆத்தா போயிட்டா" என்று அம்மா கும்பிட்டாள். நானும் நம்பினேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சரான பிறகும் நம்பினேன். வெட்கக்கேடு!

போன வருடம் இடது விலாவில் எரிச்சல், வரிசையாகக் கொப்புளம். மகள் தலைப்பிரசவத்துக்குக் கொத்மலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவிருந்த நேரம். "அக்கிதானே, எழுதினா எறங்கிரும்" என்று கணவர் பூசாரியின் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மா காவியைக் குழைத்து விலாவில் சிங்கம் வரைந்தார். மூன்று நாள் எழுதியும் எரிச்சல் ஏறியதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் ஹட்டன் டாக்டர் காவியைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"முதல்ல இதக் கழுவுங்க டீச்சர். மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மருந்து நல்லா கேட்டிருக்குமே."

"இது யார்கிட்டருந்து ஒட்டுச்சுங்க?"

"யார்கிட்டருந்தும் இல்ல. சின்ன வயசுல வந்த அம்மை போகவே இல்ல. அந்தக் கிருமி நரம்பு வேருல தூங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒடம்பு தளந்த நேரம் எந்திரிச்சிருச்சு. மருந்துக்கு அடங்கும், போகாது."

முப்பத்தெட்டு வருடம் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்!

"வீட்டுல மாசமா இருக்கிறவங்க, அம்மை வராதவங்க யாரும் இருக்காங்களா?"

மகளுக்கு அம்மை வந்ததே இல்லை. லயத்தில் பரவிய போதெல்லாம் நான்தான் அவளை நானுஓயாவுக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

"கொப்புளத் தண்ணி பட்டா அவங்களுக்கு அம்மை வந்துரும். இந்த நேரத்துல தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. எல்லாம் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் கிட்டப் போகாதீங்க."

போனில் மகள் அழுதாள். "மூணு தண்ணி ஊத்தியாச்சாம்மா? வரட்டுமா?"

"எந்தத் தண்ணிக்கும் போற ஆத்தா இல்லடி இது. அங்கேயே கெட!" என்று கத்திவிட்டேன். நாலாம் நாள் பேத்தியின் அழுகையைப் போனில்தான் கேட்டேன்.

பொருக்கு உதிர்ந்த பிறகு கொத்மலைக்குப் போனேன். பேத்தியை வாங்கி, பழக்கத்தில் இடது பக்கம் அணைத்தேன். அவளைச் சுற்றியிருந்த துணி பட்டதுமே, தோல் ஆறியும் நரம்பு ஆறாத விலா பற்றி எரிந்தது. நான் அலறிய அலறலில் பிள்ளை வீறிட்டது. மகள் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.