ஹேர் டிரையர் வைத்த உலை

நேற்று தவளக்குப்பம் ஜங்ஷனில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் ஜி.ஐ. பைப்பைத் துத்தநாகப் பூச்சுகூடச் சுரண்டாமல் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் புகை நேராக என் முகத்துக்கு வந்தது. நாக்கில் அந்தப் பழைய ருசி, இரும்பைச் சர்க்கரையில் தொட்டு நக்கினது போல. சும்மா இருக்க முடிகிறதா எனக்கு? அது துத்தநாகப் புகை, சாயங்காலம் குளிர்ஜுரம் வரும் என்று போய்ச் சொன்னேன். "நீ பஸ்ஸப் பாரு பெருசு" என்றார். திரும்பினால் பஸ் போய்விட்டிருந்தது.

அந்த ருசி வந்தாலே எனக்கு மச்சான் ஞாபகம்தான். என் மனைவியின் அண்ணன், பெயர் கலியபெருமாள். அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஆணி அடிக்கச் சொன்னால் தன் விரலில் அடித்துக்கொள்கிறவர். நானோ கம்பெனியில் இருபது வருஷம் ஃபிட்டர். இதில் யார் யாருக்குத் தொழில் சொல்லித்தர வேண்டும், நீங்களே சொல்லுங்கள். அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக் கொட்டகையிலேயே கொல்லன் உலை கட்டுவதைப் போனில் பார்த்துவிட்டார், பிடித்தது சனி.

லாரி பிரேக் டிரம் ஒன்று வந்தது. பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு வந்தது. துருத்திக்கு, மகளுடைய ஹேர் டிரையர். கீழே கொட்ட மணல் என்று கடற்கரையிலிருந்து ஈரத்தோடு இரண்டு வாளி அள்ளிவந்தார். ஈர மணலில் நெருப்புத் துண்டு விழுந்தால் வெடித்துத் தெறிக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வீடியோவுல மணல்தான் மாப்ள போட்டாங்க" என்றார். அந்த வெள்ளைக்காரன் மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால்.

காற்றுக் குழாய் மட்டும் அகப்படவில்லை. என் வீட்டில் போர் போட்டபோது மிஞ்சின பைப்பு கிடந்தது. மரை வெட்டி எடுத்துக்கொண்டு போய் மாட்டிக் காட்டினேன். "இது அளவு பாக்கத்தான். அடுத்த வாரம் கருப்புப் பைப்பு கொண்டாறேன்" என்றேன். இது ஜி.ஐ., சூடேறினால் பூச்சு விஷப்புகை விடும், கருப்பில் பூச்சு கிடையாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. ஒரு கிளார்க்குக்குப் போய் விளக்கம் வேறா என்ற திமிர்.

இரண்டாம் நாள் ஆயுத பூஜை. கருப்புப் பைப்புக்கு மனுஷன் காத்திருப்பாரா? நல்ல நேரம் முடிவதற்குள் உலையைப் பற்றவைத்துவிட வேண்டுமாம். டிரம்முக்கும் டிரையருக்கும் பொட்டு வைத்து, எதிர்வீட்டுக்காரர் கண் பட்டுவிடும் என்று கொட்டகைக் கதவையும் ஜன்னலையும் இறுக்கச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் ஊதியிருக்கிறார். சாயங்காலம் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் அடித்தது.

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை, கண்ணேறுதான். அண்ணனைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒரு பிடி காய்ந்த மிளகாயைச் சுற்றி, எங்கே போட்டாள் என்கிறீர்கள்? அந்த உலையிலேயே. டிரையர் சுவிட்சையும் தட்டிவிட்டாள். நான் உள்ளே நுழையும்போது குழாய் முனையில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. துத்தநாகப் பூச்சு எரிந்த சாம்பல், என் பைப்பேதான். நான் வாயைத் திறப்பதற்குள் மிளகாய் நெடி எல்லாரையும் வெளியே துரத்திவிட்டது. அன்று மச்சானைக் காப்பாற்றியது மிளகாய்தான், நானில்லை.

தெருவில் நின்று இருமிக்கொண்டே அவள் சொன்னாள், "நெடி ஏறுதே, அப்ப கண்ணு இல்லியே. வேற என்ன?" இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஃபிட்டர் ஆயிற்றே. நான், "கதவச் சாத்திகினு கரி எரிச்சா இப்படித்தான்" என்றேன். அதுவும் உண்மைதான், பாதி உண்மை. மறுநாள் கோரிமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "சாமி கும்பிட்டேன்" என்றார் மச்சான். நான் வாய் திறக்கவில்லை. நாலு நாளில் எழுந்துவிட்டார். அந்தப் பைப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கருப்பு மாட்டினேன். அதன்பிறகு அவர் வளைந்த கொக்கிகளாக அடித்துத் தள்ளிய அத்தனை வருஷமும், போகும்போதெல்லாம் கதவைத் திற, ஜன்னலைத் திற என்று அவரைத் திட்டித் தீர்த்தேன்.

இப்போது அவர் மகளோடு பிரான்சில் இருக்கிறார். நேற்று வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். மனசு கேட்கவில்லை. "மச்சான், அந்தப் பைப்பு விஷயம் எனக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன்" என்றேன்.

"அதுவா, நாலாம் நாளே வீடியோவுல பாத்துட்டேன் மாப்ள" என்றார். "கேட்டா நீ அப்பறம் கொட்டகப் பக்கமே வரமாட்ட. அதான் வுட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாரா மனுஷன்? ஜன்னலையாவது திறந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தீக்குச்சி கிழித்தாலே அங்கே மணி அடிக்குமாம், எதையும் பற்றவைக்க விடுவதில்லையாம்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சனி ஞாயிறு வருகிறவர்களுக்கு ரூம் கட்டியிருக்கிறார்கள். ஏ.சி. போட்டு எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது வாய் வரைக்கும் வருகிறது. யாரைத் திட்டுவது?