மூன்று ஹாரன்

அந்த டிப்போவில் பஸ் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். ஆறு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்பேர்ப்பட்டவள், மகளின் வகுப்பு டீச்சர் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பொண்ணு இப்பல்லாம் யார்கூடவும் பேசறதில்லைங்க. சாயங்காலம் மணி அடிச்சதும் எல்லாரும் ஓடறாங்க, இவ மட்டும் கிளாஸ்லயே தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா. இந்த வயசுல அம்மா வீட்ல இருக்கணும்."

அப்பாவும்தான் காலையில் போய் இருட்டியபின் வருகிறார். அவர் ஏன் வீட்டில் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

ஏற்கனவே அவளுக்கு உள்ளூர உறுத்தல். நாத்தனார் வேறு, "வயசுப் பொண்ணை விட்டுட்டு ஊர் சுத்தறியே" என்று வாரம் தவறாமல் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவாள். பஸ் டிரைவர் ஊர் சுற்றாமல் என்ன செய்வாள்? அந்த உறுத்தலுக்குப் பரிகாரமாகத்தான், இந்த வருடம் பள்ளி வழியாகப் போகும் வண்டியைக் கேட்டு வாங்கினாள். தினமும் சாயங்காலம் வாசலில் மூன்று முறை ஹாரன் அடிப்பாள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

"வேலையை விட்டுடறேன் டீச்சர்" என்று கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நேற்றே எழுதிவிட்டாள். லைசென்ஸ் வாங்கக் குடும்பத்தோடு மல்லுக்கட்டியவள் அவள்.

டீச்சர் மகளைக் கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பு, அம்மாவைவிட உயரம். வந்ததும் கடிதத்தைப் படித்தாள், முகம் சிவந்தது.

"உன்னை யாரு வேலைய விடச் சொன்னது?"

"உனக்காகத்தான்டி."

"எனக்காகன்னா அந்த ஹாரனை நிறுத்தும்மா. தினமும் மூணு தடவை, அதுவும் கேட் முன்னாடியே. மொத்த ஸ்கூலும் என்னை 'பாம்... பாம்'னு ஹாரன் மாதிரியே கூப்பிடுது. உன் பஸ் போற வரைக்கும் கிளாஸ்ல ஒளிஞ்சு கிடக்கேன்."

டீச்சர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்போ அம்மா பஸ் ஓட்டறது உனக்கு வெக்கமா இல்லையா?" என்று மகளிடம் கேட்டாள் அவள்.

"அதுல என்ன வெக்கம்? நீ வேலைக்குப் போகாதப்போ எப்படி இருந்தேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. எப்பப் பாரு சிடுசிடுப்பு, தொட்டதுக்கெல்லாம் அடி. எனக்கு அந்த அம்மா வேணாம்."

சொல்லிவிட்டுக் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். கேட்டவளுக்கு வலித்தது. வலித்ததைவிடப் பல மடங்கு இனித்தது.

மறுநாள் சாயங்காலம் பள்ளி நிறுத்தத்தில் கை பழக்கதோஷத்தில் ஹாரனுக்குப் போனது; சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். வண்டி சத்தமில்லாமல் நின்றது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். எல்லாருக்கும் முன்னால் மகள். நேராக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று, கடைசிப் பிள்ளையும் ஏறியதும் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, எல்லாரும் ஏறியாச்சு. போலாம்" என்றாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அழ முடியுமா? புறங்கையால் துடைத்துவிட்டு முதல் கியரைப் போட்டாள்.