தொண்ணூற்று மூன்று டிகிரி

ஊட்டியில் எங்களுக்கு உயிரியல் எடுத்தவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். தற்காலிக வேலை. ஒல்லி உடம்பு, முழங்கை வரை சுருட்டிய ஸ்வெட்டர். தோட்டத்துப் பழக்கப்படி, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே இனிப்பில்லாத தேத்தண்ணி குடிப்பார். மற்ற ஆசிரியர்கள் சிரித்தால் இன்னும் கொஞ்சம் சீனி எடுத்துக்கொள்வார்.

அன்று, உயிர்களுக்குத் தண்ணீர் ஏன் வேண்டும் என்ற பாடத்தில், தண்ணீரின் பண்புகள். பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை. நாங்கள் எல்லோரும் புத்தகத்தில் இருந்தபடி நூறு என்றே எழுதினோம். அத்தனையையும் அடித்துவிட்டார்.

"பார்த்தத எழுதுங்க. மலையில காத்தழுத்தம் குறைவு, தண்ணி முன்னாடியே கொதிச்சிரும்."

ஆய்வுக்கு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்தார்.

"பரீட்சைக்கு நூறுதானுங்க. சிலோன்ல வேற மாதிரி கொதிச்சுதுங்களா?"

"அங்கயும் மலையிலதான் இருந்தோம் சேர். இப்படியேதான் கொதிச்சிச்சு."

"வேலை வேணுமா, வேண்டாங்களா?"

ஆசிரியை அடுப்பை அணைக்கவில்லை. "வந்து நீங்களே பாத்துச் சொல்லுங்க சேர்."

அதிகாரி பார்க்காமலேயே வெளியேறினார். அடுத்த மாதம் வேறு ஆசிரியர் வந்தார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. 'கடலோரத்தில் நூறு, ஊட்டியில் தொண்ணூற்று மூன்று' என்று எழுதினேன். மார்க் போயிற்று. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.