கல்லறைத் திருநாளன்று ஆண்டவர் தந்த பலம்

மூன்று வாரம் நான் கல்லூரிக்குப் போகவில்லை. செபமும் செய்யவில்லை. கிறிஸ்துவில் பிரியமானவர்களே, அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

1957-இல் புதுச்சேரியில் டாக்டர் படிப்பில் சேர்ந்தேன். அப்பா மில் தொழிலாளி. எங்கள் தெருவில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. அக்டோபரில் முதன்முதலாகப் பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். என் மேசையில் ஒரு வயதானவர். அவருடைய இடது கையைப் பார்த்ததும் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு விரல்கள் ஒட்டியிருந்த கை.

எங்கள் கோயில் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்தக் கைதான் என் செருப்பை எடுத்து முன்னால் வைக்கும். காசைப் போட்டுவிட்டுப் போவேன். முகத்தை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. பெயரும் கேட்டதில்லை. சில மாதங்களாக அவர் அங்கே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. கேட்பாரில்லாத பிணம் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். சோறு இறங்கவில்லை. எத்தனை முறை கழுவினாலும் கையிலிருந்து மருந்து நெடி போகவில்லை. “ஒடம்புக்கு இன்னாடி பண்ணுது?” என்று அம்மா கேட்டாள். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். சாமியாரிடம் சொல்லவும் வெட்கம். செபமாலையை எடுத்தால் அந்தக் கைதான் கண் முன் நிற்கும். பாதியில் வைத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம், உடன் படிக்கும் பத்மா அரியாங்குப்பத்திலிருந்து என்னைத் தேடி வந்தாள். விவசாயக் குடும்பத்து இந்துப் பெண். “திங்கக்கெழம நீ வரலன்னா பேர எடுத்துடுவாங்களாம்டி” என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அம்மா கட்டாயப்படுத்திப் பூசைக்கு அழைத்துப் போனாள். லத்தீன் செபங்கள் காதில் விழுந்தன, மனசில் ஏறவில்லை. பிறகு சாமியார் தமிழில் சொன்னார்: “நெனச்சு வேண்டிக்க யாருமே இல்லாத ஆன்மாக்களுக்காகவும் இப்ப செபிப்போம்.”

கோயில் முழுக்க முழங்காலில் நின்றது. யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அழுதேன். ‘சேசுவே, அவரை ஏற்றுக்கொள்ளும். என்னால் முடியவில்லை. நான் அவரைத் தொட வேண்டுமானால் நீரே என் கையைப் பிடித்துக்கொள்ளும்’ என்று கேட்டேன். மூன்று வாரத்தில் நான் முழுதாகச் சொன்ன செபம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை போனேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மேசையருகே நின்று சிலுவை அடையாளம் போட்டேன்.

“யாருக்குடி வேண்டிக்கிற?” என்றாள் பத்மா.

“இவருக்குத்தான். எங்க கோயில் வாசல்ல இருந்தவரு. பேரு தெரியாது.”

அவளும் கைகூப்பினாள். “கத்திய நான் புடிக்கிறேன். நீ புக்கப் படிச்சிச் சொல்லு, போதும்” என்றாள்.

நான் கேட்ட உதவி அவள் உருவில் வந்து பக்கத்தில் நின்றது. ஒரு வாரம் புத்தகம் மட்டும் படித்தேன். அடுத்த வாரம் கத்தியை வாங்கிக்கொண்டேன். தினமும் காலைப் பூசை கண்ட பிறகுதான் கூடத்துக்குப் போவேன். பூசை இல்லாமல் என்னால் அந்தப் படி ஏற முடியாது.

இந்த வருடம், 1962-இல், படிப்பை முடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் யார் படுக்கையருகே போனாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

படிக்கிற பிள்ளைகளே, செபம் வரவில்லை என்று கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டாலும் போய் ஓர் ஓரத்தில் மண்டியிடுங்கள். ஒன்றுக்கும் ஆகாமல் கிடந்த என்னை ஆண்டவர் அங்கேதான் தூக்கி நிறுத்தினார். உங்களையும் விட்டுவிட மாட்டார்.